ஏஜியை மாற்றினால் கோப்பு என்னவாகிறது?

பினாங்கில் சட்டம் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "2015ல் நம் சட்டத்துறைத் தலைவரை (ஏஜி) நீக்கியபோது உடல்நலம் சரியில்லை என்றார்கள். 2018ல் அடுத்தவரை அனுப்பியபோது சீர்திருத்தம் என்றார்கள். அமெரிக்காவில் 2006ல் அரசு வழக்கறிஞர்களை ஒரே நாளில் நீக்கிவிட்டு வேலைத்திறன் போதவில்லை என்றார்களாம். இதிலெல்லாம் அரசியல் இருக்கிறதா இல்லையா என்று வெளியில் நிற்கும் நாம் எப்படித் தெரிந்துகொள்வது? நீக்கும் உரிமை அரசாங்கத்துக்கு இருக்கும்போது கேள்வி கேட்கத்தான் முடியுமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உரிமை இருக்கிறது. கேள்வியும் கேட்கலாம். ஆனால் "நீக்கியது சட்டப்படி சரியா?" என்று கேட்டால் பதில் எப்போதுமே "சரிதான்" என்று வரும். அதனால் அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிடுங்கள். நீக்கப்பட்ட அன்று அவர் மேசையில் என்ன கோப்பு இருந்தது, ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, இந்த இரண்டையும் பாருங்கள். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்கள் இப்படித்தான் பார்க்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முடித்துவிடுவோம். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 145ஆவது பிரிவின்படி, பிரதமரின் ஆலோசனையைக் கேட்டு மாமன்னர் ஏஜியை நியமிக்கிறார். ஷரியா நீதிமன்றம், சுதேசி நீதிமன்றம், ராணுவ நீதிமன்றம் ஆகியவற்றை விட்டால், நாட்டில் எந்தக் குற்றத்துக்கும் வழக்குத் தொடுப்பது, நடத்துவது, பாதியில் நிறுத்துவது எல்லாம் 3ஆவது உட்பிரிவின்படி அவர் முடிவு. போலீசோ ஊழல் தடுப்பு ஆணையமோ எவ்வளவு தடிமனான விசாரணை அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தாலும் அவர் கையெழுத்துப் போடாமல் பெரிய வழக்கு எதுவும் நகராது. இவ்வளவு அதிகாரம் உள்ள மனிதருக்குப் பதவிப் பாதுகாப்பு என்ன? 5ஆவது உட்பிரிவு சொல்கிறது: மாமன்னர் விரும்பும் காலம் வரை. ஒப்பந்தம் எழுதாமல் வாடகை வீட்டில் குடியிருப்பவர் நிலைமைதான். வீட்டுக்காரர் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1957ல் சுதந்திரம் வாங்கியபோது எழுதிய அரசமைப்பில், நீதிபதியை நீக்கும் அதே வழியில்தான் ஏஜியையும் நீக்க முடியும் என்றிருந்தது. மூன்றே ஆண்டில், 1960 திருத்தத்தில், அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். 1970களில் சட்ட அமைச்சரே ஏஜியாகவும் இருந்த காலம் உண்டு. அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நீதிபதிகளுக்கான பாதுகாப்பும் கல்லில் எழுதியதல்ல. 1988ல் தீர்ப்பாயம் அமைத்தே தலைமை நீதிபதி சாலே அபாஸை நீக்கினார்கள், கூடவே உச்ச நீதிமன்றத்தின் இன்னும் இரண்டு நீதிபதிகளையும். ஆனாலும் தீர்ப்பாயம் என்று ஒன்று இருந்ததால்தான் அந்தச் சம்பவத்தைப் பற்றி இன்றைக்கும் ஆவணங்களோடு வாதாட முடிகிறது. ஏஜி விஷயத்தில் வாதாட ஒரு தாள்கூட மிஞ்சுவதில்லை.

நம் மக்களுக்கு ஏஜி என்ற பதவி எப்போது தெரியவந்தது? 2007 நவம்பர். இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராப்பின் பேரணியை ஒட்டி பத்துமலைக் கோயில் வளாகத்தில் நடந்த கைகலப்பில் ஒரு போலீஸ்காரர் காயமடைந்தார். அதற்காக 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றச்சாட்டு. நாட்டின் ஏஜி அப்துல் கனி பட்டாயில் தானே ஷா ஆலம் நீதிமன்றத்துக்கு வந்து நின்று ஜாமீனை எதிர்த்தார். பிறகு டிசம்பரில் அந்தக் கொலை முயற்சிக் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. போட்டதும் அதே அலுவலகம், எடுத்ததும் அதே அலுவலகம். நடுவில் உள்ளே இருந்தவர்கள் சாதாரண வீட்டுப் பிள்ளைகள்.

இன்னொன்று, 2019 அக்டோபர். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின்கீழ் 12 பேரைப் பிடித்தார்கள். அதில் ஜனநாயகச் செயல் கட்சியின் (ஜசெக) சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர், மலாக்காவில் ஒருவர், நெகிரி செம்பிலானில் ஒருவர். அந்த ஆண்டுத் தீபாவளி அவர்களுக்குக் காவலில்தான். 2020 பிப்ரவரி 21ஆம் தேதி, தண்டனை கிடைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி ஏஜி தோமி தோமஸ் 12 பேர் மீதான வழக்குகளையும் கைவிட்டார். சரியாக ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 28ஆம் தேதி, அவர் பதவி விலகினார், அரசாங்கம் கவிழ்ந்திருந்தது. அந்த முடிவை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டிருந்தால் அந்த 12 கோப்புகளும் வேறு ஒருவர் மேசைக்குப் போயிருக்கும். அவர் என்ன செய்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏஜியை நீக்கும் பேச்சு புத்ராஜெயா விவகாரம், நமக்கு என்ன என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தத் தேதிகளைத்தான் சொல்வேன்.

இப்போது நீங்கள் கேட்ட 2015. அந்த ஜூலை மாதத்தை மட்டும் நாள்காட்டியில் வைத்துப் பார்த்தாலே போதும். ஜூலை 2ஆம் தேதி, அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் வங்கிக் கணக்குகளுக்கு ஏறக்குறைய 70 கோடி அமெரிக்க டாலர் வந்திருப்பதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. ஏஜி அலுவலகம், மத்திய வங்கியான பேங்க் நெகாரா, போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம் நான்கும் சேர்ந்த சிறப்புப் பணிக்குழு அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியை ஏற்கெனவே விசாரித்துக்கொண்டிருந்தது. ஜூலை 28ஆம் தேதி, கனி பட்டாயிலின் சேவை முந்தின நாளோடு முடிந்துவிட்டது என்று அரசாங்கத் தலைமைச் செயலாளர் அறிவித்தார். காரணம் உடல்நலம். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அக்டோபரில் ஓய்வு பெற இருந்த மனிதரை இரண்டு மாதத்துக்குமேல் பொறுக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன அவசரம்?

அதே 28ஆம் தேதி வேறு என்ன நடந்தது என்று பாருங்கள். துணைப் பிரதமர் முகிதீன் யாசின் நீக்கப்பட்டார். அமைச்சர் ஷாபி அப்டாலும் போனார். இருவருமே 1எம்டிபி பற்றி வாய் திறந்தவர்கள். அதே விவகாரத்தை விசாரித்துக்கொண்டிருந்த நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவருக்கும் இன்னும் மூன்று உறுப்பினர்களுக்கும் அரசாங்கப் பதவி கிடைத்தது. குழுவின் விசாரணை நின்றது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஊழல் தடுப்பு ஆணையத்தின் இரண்டு மூத்த அதிகாரிகளைப் பிரதமர் துறைக்கு மாற்றினார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு மனிதரின் சிறுநீரகம் இத்தனை பேருடைய நாற்காலியை ஆட்டாது.

ஆனாலும் தேதிகள் சந்தேகத்தைத்தான் தரும், முடிவைத் தராது. கோப்புக்கு என்ன ஆனது? புதிய ஏஜி முகமட் அபாண்டி அலி, கூட்டரசு நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், 2016 ஜனவரி 26ஆம் தேதி செய்தியாளர்களைக் கூட்டினார். நஜிப்பின் கணக்குக்கு வந்த 208 கோடி ரிங்கிட் சவுதி அரச குடும்பத்தின் நன்கொடை, குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லி விசாரணை அறிக்கைகளை ஊழல் தடுப்பு ஆணையத்துக்கே திருப்பி அனுப்பினார். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க நீதித்துறை, 1எம்டிபி பணத்தில் வாங்கியவை என்று சொல்லி 100 கோடி டாலருக்கும் அதிகமான சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழக்குத் தொடுத்தது. அதாவது இங்கே மூடிய கோப்பு கலிபோர்னியாவில் திறந்தது. 2018 தேர்தலில் ஆட்சி மாறியதும் இங்கேயும் திறந்தது. நஜிப் ஜூலை 4ஆம் தேதி குற்றஞ்சாட்டப்பட்டார், 2020 ஜூலை 28ஆம் தேதி உயர் நீதிமன்றம் தண்டித்தது, 2022 ஆகஸ்ட் 23ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. 1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனமான எஸ்ஆர்சியின் பணம் பற்றிய அந்த வழக்கின் மேல்முறையீட்டில் அரசுத் தரப்பில் நின்று வாதாடியவர் நம்மவர் வி. சிதம்பரம். தனியார் வழக்கறிஞரை அரசுத் தரப்பு வழக்குக்காகத் தனியாக நியமித்திருந்தார்கள். மூன்று நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்ட குற்றத்தின் பக்கமே 2016ல் ஏஜி அலுவலகம் போகவில்லை. 2015 நீக்கத்தைப் பற்றி இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

கவனியுங்கள், நான் கனி பட்டாயிலைத் தியாகியாக்கவில்லை. ஷா ஆலத்தில் நின்று ஜாமீனை எதிர்த்தவர் அவர்தான். 1998, 1999 ஆண்டுகளில் முன்னாள் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமுக்கு எதிரான வழக்கில் அரசுத் தரப்பில் இருந்தவரும் அவர்தான். நமக்குப் பிடிக்காதவரை நீக்கும்போது கைதட்டுவதும், பிடித்தவரை நீக்கும்போது கூச்சல் போடுவதும் இந்த நாட்டில் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பழக்கம்.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே மாவட்ட அளவில் 93 கூட்டரசு வழக்கறிஞர்கள். அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும். நீக்குவது அதிபர் விருப்பம். புதிய அதிபர் வரும்போது பழையவர்களை மொத்தமாக மாற்றுவது அங்கே வழக்கம்தான். 1993ல் கிளிண்டன் ஆட்சி 93 பேரிடமும் விலகச் சொன்னது. அதில் கட்சி அரசியல் இருக்கிறது, ஆனால் எந்தக் குறிப்பிட்ட வழக்கும் குறியாக இல்லை. 2006ல் நடந்தது வேறு. அதிபர் புஷ் தானே நியமித்தவர்களில் ஏழு பேருக்கு, அவர் இரண்டாம் தவணையின் நடுவில், டிசம்பர் 7ஆம் தேதி ஒரே நாளில் விலகச் சொல்லித் தொலைபேசி போனது. அதற்கு முன்னால் போனவர்களையும் சேர்த்தால் ஒன்பது பேர்.

அதில் இரண்டு பேருடைய கதை போதும். நியூ மெக்சிகோவின் டேவிட் இக்லேசியஸ். நவம்பர் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்பு, ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சம்பந்தப்பட்ட ஊழல் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு அவருக்கு அவருடைய குடியரசுக் கட்சியின் செனட்டர் ஒருவரும் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரும் தொலைபேசி போட்டார்கள். அவர் பிடி கொடுக்கவில்லை. அடுத்த மாதம் அவர் பெயர் பட்டியலில் இருந்தது. சான் டியேகோவின் கரோல் லாம், குடியரசுக் கட்சியின் காங்கிரஸ் உறுப்பினர் ரேண்டி கன்னிங்ஹமை லஞ்ச வழக்கில் சிறைக்கு அனுப்பியவர். அதோடு நிற்காமல் நூலைப் பிடித்துக்கொண்டு சிஐஏயின் மூத்த அதிகாரி வரை போனார். பதவியை விட்டு இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த அதிகாரி மீதும் குற்றப்பத்திரிகை வாங்கிவிட்டுத்தான் போனார். குடியேற்ற வழக்குகளை அவர் போதிய அளவு நடத்தவில்லை என்பது அவருக்குச் சொல்லப்பட்ட காரணம்.

நாம் அங்கிருந்து கற்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். நாடாளுமன்றக் குழுக்கள் கேட்டன. ஆயிரக்கணக்கான பக்கங்களில் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. யார் யார் புஷ்ஷுக்கு விசுவாசமானவர்கள் என்று தரம் பிரித்து நீதித்துறைத் தலைவரின் தலைமை உதவியாளர் எழுதிய மின்னஞ்சலும் அதில் இருந்தது. வேலைத்திறன் என்ற காரணம் நிற்கவில்லை, ஏனென்றால் பலருடைய பணி மதிப்பீடு நன்றாகவே இருந்தது. நீதித்துறைத் தலைவர் அல்பெர்டோ கொன்சாலெஸ் 2007 ஆகஸ்டில் பதவி விலகலை அறிவித்தார். 2008ல் நீதித்துறையின் சொந்த உள் ஆய்வாளரே அறிக்கை எழுதி, நீக்கம் நடந்த முறை அடிப்படையிலேயே கோளாறு என்றார். இக்லேசியஸ் விஷயத்தில் உள்ளூர் அரசியல்வாதிகளின் புகார்தான் காரணம் என்றும் சொன்னார். ஆனால் குற்ற வழக்கு வந்ததா? இல்லை. 2010ல் சிறப்பு விசாரணையும் யார் மீதும் வழக்கு இல்லை என்று முடிந்தது. விருப்பப்படி நீக்கலாம் என்று சட்டம் சொல்லும் இடத்தில், தவறான நோக்கத்துக்காக நீக்கினார் என்று குற்ற வழக்கில் நிரூபிப்பது அவ்வளவு கடினம். அங்கே வெளியான மின்னஞ்சல்களைப் போல ஒரே ஒரு கடிதமாவது 2015 பற்றி நம் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வந்திருந்தால் இந்தப் பதில் இவ்வளவு நீளமாக இருக்காது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பின்னால் பெரிதானது. 2006 மார்ச்சில் ஒரு சட்டத் திருத்தத்தின் மூலமாக, செனட்டைக் கேட்காமலேயே இடைக்கால வழக்கறிஞர்களைக் கால வரையறை இல்லாமல் நியமிக்கும் அதிகாரத்தை நீதித்துறை வாங்கி வைத்திருந்தது. விவகாரம் வெடித்ததும் 2007ல் காங்கிரஸ் அதைப் பிடுங்கி, பழையபடி 120 நாள் என்று ஆக்கியது. 18 ஆண்டு கழித்து, 2025 செப்டம்பரில், கிழக்கு வர்ஜீனியாவின் வழக்கறிஞர் அதிபர் டிரம்பின் நெருக்கடியில் வெளியேறினார். அதிபரின் முன்னாள் சொந்த வழக்கறிஞர் அந்த இடத்தில் அமர்ந்த சில நாளில், அதிபருக்கு வேண்டாதவரான முன்னாள் எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி மீது குற்றப்பத்திரிகை வந்தது. நவம்பரில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். கோமி நல்லவரா கெட்டவரா என்பதற்குள் அவர் போகவே இல்லை. 120 நாள் கணக்கு முன்பே தீர்ந்துவிட்டது, இந்த நியமனமே செல்லாது என்பதுதான் காரணம். நோக்கத்தை நிரூபிக்க முடியாத இடத்தில் நியமன விதி கைகொடுத்தது. தேர்வில் இதைப் பற்றிக் கேள்வி வந்தால் நீங்கள் எழுத வேண்டிய புள்ளி இதுதான்.

இன்னொரு மாற்றத்தையும் கவனித்தேன். 2006ல் காரணத்தை மறைத்தார்கள். 2025 ஜனவரியில், டிரம்ப் மீதான வழக்குகளில் வேலை செய்த பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட அரசு வழக்கறிஞர்களை நீக்கியபோது, அதிபரின் திட்டத்தை இவர்கள் நிறைவேற்றுவார்கள் என்று நம்ப முடியாது என்று காரணத்தை எழுத்திலேயே கொடுத்தார்கள். வெட்கம் போய்விட்டால் உடல்நலம், வேலைத்திறன் என்று போர்த்திக்கொள்ளத் தேவையில்லை.

சரி, 2018. நீங்கள் கேட்காமல் விட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேன். மே 9ஆம் தேதி தேர்தல். 14ஆம் தேதி அபாண்டி அலி விடுப்பில் போகும்படி ஆனது. ஜூன் தொடக்கத்தில் தோமி தோமஸ் நியமனம். அபாண்டி தன்னை நீக்கியது சட்டத்துக்குப் புறம்பானது என்று பின்னர் வழக்கே போட்டார். இதுவும் அரசியல் நீக்கம்தானே என்று நஜிப்பின் கட்சியான அம்னோவின் நண்பர்கள் கேட்பார்கள். ஆமாம், அரசியல்தான். புதிய அரசாங்கம் பழைய அரசாங்கத்தின் ஆளை அனுப்பியது. நஜிப் கோப்பைப் பொறுத்தவரை அந்த மாற்றத்தின் பலன், கதவு மூடிய அறையில் முடிந்துபோயிருந்த ஒன்று திறந்த நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, மேல்முறையீடு உண்டு.

ஆனால் எல்லாக் கோப்பும் அப்படிப் போகவில்லை. பினாங்குக்காரர் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். பின்ஹோர்ன் சாலை பங்களா விவகாரத்தில் அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் 2016 ஜூன் 30ஆம் தேதி குற்றஞ்சாட்டப்பட்டார். 2018 செப்டம்பர் 3ஆம் தேதி, அவர் நிதியமைச்சராக இருந்தபோது, அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட, பினாங்கு உயர் நீதிமன்றம் முழு விடுதலை கொடுத்தது. தோமி தோமஸ் தான் இந்த முடிவில் சேரவில்லை என்று விலகியிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஊழல் தடுப்பு ஆணையமே அதிர்ச்சி என்று அறிக்கை விட்டது. 2020 மார்ச்சில் ஆட்சியும் ஏஜியும் மாறின. ஆகஸ்டில் அதே லிம் குவான் எங் கடலடிச் சுரங்கப்பாதை விவகாரத்தில் மறுபடியும் நீதிமன்றத்தில் நின்றார். அந்த 2020லேயே நஜிப்பின் மனைவியின் முந்தைய திருமணத்து மகன் ரிசா அசிசுக்கு மே மாதம் விடுவிப்பு. சபாவின் முன்னாள் முதலமைச்சர் மூசா அமானுக்கு ஜூனில் 46 குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலை. ரிசா விஷயத்தில் தோமி தோமஸ் ஏற்கெனவே கொள்கையளவில் சம்மதித்திருந்தார் என்று ஏஜி அலுவலகம் சொன்னது. இல்லவே இல்லை என்று அவர் மறுத்தார். இந்த ஒவ்வொரு வழக்கிலும் உள்ளே நியாயமான காரணம் இருந்திருக்கலாம். ஆனால் ஆட்சி மாறும் திசையிலேயே கோப்புகளும் திரும்புகின்றன என்றால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் சொல்லி எங்களை நம்ப வைப்பது கஷ்டம்.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். நம் நாட்டில் நீக்கம் என்பது அபூர்வம், தேவையும் இல்லை. ஏஜியின் கீழ் வழக்கு நடத்தும் துணை அரசு வழக்கறிஞர்கள் (டிபிபிக்கள்) நீதித்துறை மற்றும் சட்டச் சேவை என்ற ஒரே சேவையைச் சேர்ந்தவர்கள். மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும்கூட அதே சேவைதான். இன்று வழக்கு நடத்துபவரை நாளை ஏதாவது அமைச்சின் சட்டப் பிரிவுக்கு மாற்றலாம், பதவி உயர்வோடும் மாற்றலாம். மாற்றல் கடிதத்தில் காரணம் இருக்காது. வெளியில் செய்தியும் வராது. ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டால் போதும். அதனால் "யாரை நீக்கினார்கள்" என்று தேடிக்கொண்டிருந்தால் பாதி விஷயம் கண்ணுக்குப் படாது.

அம்னோ தலைவர் சாஹிட் ஹமிடியின் யயாசான் அகால்புடி (அறக்கட்டளை) வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 47 குற்றச்சாட்டுகள். 2022 ஜனவரி 24ஆம் தேதி, எல்லாவற்றுக்கும் முகாந்திரம் உண்டு, எதிர்வாதம் செய்யுங்கள் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நவம்பரில் பொதுத்தேர்தல், டிசம்பரில் அவர் துணைப் பிரதமர். 2023 செப்டம்பர் 4ஆம் தேதி அரசுத் தரப்பு வழக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்டது. விடுதலை ஆகாத விடுவிப்பு, அதாவது வழக்கு நிற்கும், ஆனால் மறுபடி தொடங்கலாம் என்று நீதிபதி உத்தரவிட்டார். ஏஜி இட்ருஸ் ஹருணின் பதவிக்காலம் மறுநாள் முடிந்தது. வழக்கை ஆரம்பம் முதல் நடத்திய மூத்த டிபிபி அதற்குள் வழக்கில் இல்லை. அன்று நீதிமன்றத்தில் அந்த விண்ணப்பத்தை வைத்த முகமட் டுசுக்கி மொக்தார் 2024 நவம்பரில் ஏஜியானார். இதில் யாரையும் நீக்கவில்லை, யாரும் சட்டத்தை மீறவும் இல்லை. ஏஜி அலுவலகம் 11 காரணங்களைக் கொடுத்தது. அந்தக் காரணங்களைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். என் கருத்தைக் கேட்டால், முகாந்திரம் நிரூபணமான ஒரு வழக்கை, போகப்போகிற ஏஜி கடைசி நேரத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது. வரப்போகிறவரிடம் விட்டிருக்க வேண்டும்.

சந்தேகத்துக்கும் எல்லை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2015 செப்டம்பரில் டிபிபி கெவின் மோரைஸ் கடத்திக் கொல்லப்பட்டார். சுபாங் ஜெயாவில் சிமெண்ட் நிரப்பிய பீப்பாயில் உடல் கிடைத்தது. ஏஜி நீக்கப்பட்டு சில வாரம்தான் ஆகியிருந்தது, அதனால் கோலாலம்பூரில் எல்லா மேசையிலும் 1எம்டிபி என்றே பேசினார்கள். விசாரணையின் முடிவில் 2020ல் உயர் நீதிமன்றம் ஆறு பேரைத் தண்டித்தது. அவர் நடத்திக்கொண்டிருந்த வேறொரு லஞ்ச வழக்கைச் சுற்றித்தான் அந்தக் கொலை என்பது அரசுத் தரப்பு வாதம். தேதிகள் பக்கத்தில் இருப்பதை மட்டும் வைத்துக் கதை கட்டினால் இப்படித்தான் ஆகும். 2015 நீக்கத்தில் தேதியோடு கோப்பும் பேசியது. இதில் கோப்பு வேறு எங்கோ காட்டியது.

அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் ஏஜி பதவியையும் வழக்குத் தொடுக்கும் பொது வழக்கறிஞர் பதவியையும் பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்பவரே அரசாங்கத்தில் இருப்பவர் மீது வழக்குப் போடுவதா என்பது நியாயமான கேள்வி. அரசாங்கங்கள் மாறி மாறி வாக்குறுதி கொடுத்துக்கொண்டே இருக்கும் விஷயமும் அதுதான். பிரிப்பது நல்லதுதான். ஆனால் பிரித்த பிறகு புதிய பொது வழக்கறிஞரை யார் நியமிப்பது, எத்தனை ஆண்டு, எந்தக் காரணத்துக்காக, யார் முன்னால் விளக்கம் சொல்லி நீக்கலாம் என்பதை எழுதாவிட்டால் ஒரு நாற்காலிக்குப் பதில் இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். 1957ல் இருந்த பாதுகாப்பைத் திருப்பிக் கொடுத்தாலே பாதித் தூரம் வந்துவிடலாம். டிபிபி மாற்றல்களுக்கும் ஒரு விதி வேண்டும்: விசாரணை நடக்கும்போது வழக்கை நடத்துபவரை மாற்றினால் காரணத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அரசமைப்பைத் திருத்தக்கூடத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக, நீதிமன்றம் இதில் எதுவும் செய்ய முடியாதா என்றால், முன்பு முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். 1974ல் லோங் பின் சாமாட் வழக்கில், வழக்குத் தொடுப்பதா இல்லையா என்ற ஏஜியின் முடிவுக்குள் நீதிமன்றம் தலையிடாது என்று தீர்ப்பு வந்தது. பல பத்தாண்டுகள் அதையே காட்டி எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். 2021ல் சுந்திர ராஜூ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அந்த அதிகாரம் கட்டற்றது அல்ல, அபூர்வமான சூழலில் சீராய்வு செய்யலாம் என்றது. வழக்கறிஞரை நீக்கியதைக் கேள்வி கேட்க முடியாவிட்டாலும், நீக்கிய பிறகு அந்தக் கோப்புக்கு எடுத்த முடிவைக் கேள்வி கேட்க இப்போது ஒரு வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254ஆவது பிரிவையும், நிறுத்திய வழக்கை மறுபடி தொடங்குவது பற்றிய 254ஏ பிரிவையும் அந்தத் தீர்ப்போடு சேர்த்து வைத்துப் படியுங்கள். உங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டியது அங்கே இருக்கிறது.